ஊதாமல் குடித்த பிள்ளைகள்

எல்லாம் சரியாக இருந்தது. மேடத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம் அப்போதுதான் குளித்து முடித்த பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது. ‘இங்கே எல்லாக் குழந்தைகளும் சமம்’ என்ற பலகை, துறை சொன்ன அளவில், துறை சொன்ன உயரத்தில் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் கொட்டை எழுத்தில். தட்டுகள் எல்லாம் ஒரே அளவு, கிண்ணங்கள் எல்லாம் ஒரே நிறம். ஒரே மாதிரி சீருடையில் பிள்ளைகள் பெஞ்சுகளில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“இதுக்கு மேல சுத்தமா இருந்தா, ஆஸ்பத்திரின்னு நினைச்சு யாராவது ஊசி போட வந்துடுவாங்க மேடம்” என்றான் லொள்ளு.

மேடம் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆபீசில் ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் குழந்தைகள் உணவுத் திட்டத்தில், எந்தப் பிள்ளையையாவது பிறப்பைச் சொல்லியோ, பிழைக்க வந்த கதையைச் சொல்லியோ ஒதுக்கினால், போய் விசாரிப்பது அவர் வேலை. லொள்ளு அவருடைய உதவியாளன். போன வருஷம்வரை துறையின் தொலைபேசி மேசையில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்கும் சமையல்கூடங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த வாய் மேசைக்கு அடங்காது என்று மேடம்தான் தன்னோடு இழுத்துக்கொண்டார்.

காலையில் ஒரு பெண் குரல் புகார்ப் பிரிவுக்குப் பேசியிருந்தது. “அந்த ஸ்கூல்ல எங்க பிள்ளைங்களை ஒதுக்குறாங்க.” எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். எங்க பிள்ளைங்க என்றால் யார் என்பது மட்டும் தெரிந்தது. ஆற்றின் மேல் பெரிய பாலம் கட்ட வெளியிலிருந்து வந்த தொழிலாளர்கள், அக்கரையில் தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள்.

மேடமும் லொள்ளும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வந்தார்கள். ஆனால் வாசலில் காவலாளி கேட்டைத் திறக்கச் சாவியைத் தேடு தேடென்று தேடினார். கடைசியில் சாவி அவர் கையிலேயே இருந்தது. லொள்ளு அதைப் பார்த்துச் சிரித்தான், மேடம் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் அவரை ஹெச்.எம். என்றுதான் கூப்பிட்டார்கள்.

“தினமும் இப்படித்தான் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்களா சார்?” என்று கேட்டார் மேடம்.

ஹெச்.எம். கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

“ரொம்ப யோசிக்காதீங்க சார். யோசிச்சா முடி கொட்டும்” என்று லொள்ளு தன் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினான். “நான் நிறைய யோசிச்சவன்.”

ஆபீசில் இந்த வசனத்தைக் கேட்காத நாற்காலி கிடையாது. ஹெச்.எம். மட்டும் புதிதாகக் கேட்பவர் போல அளவுக்கு மீறிச் சிரித்தார். “ஒண்ணாத்தான் மேடம். எப்பவும் ஒண்ணாத்தான்.”

கூடத்தின் அந்தக் கோடியில் சமையலம்மா அண்டாவைத் திறந்தார். ஆவி குபுகுபுவென்று மேலே போனது. காய்கறி சூப், ரொட்டி, அவித்த முட்டை. கிண்ணங்கள் கை மாறி வந்தன. மேடம் ஒரு பெஞ்சின் ஓரத்தில், பிள்ளைகளோடு பிள்ளையாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பக்கத்துப் பையன் கிண்ணத்தைத் தூக்கி, கன்னம் உப்ப ஊதினான். அவனுக்கு அடுத்தவனும் ஊதினான். எதிர்வரிசையில் ஒரு சிறுமி ஊதிய ஊதலில் சூப்பு தெறித்து மேடத்தின் கண்ணாடியில் விழுந்தது.

மேடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த ரெட்டைச் சடைக்காரிக்கு ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அவள் கிண்ணத்தை எடுத்தாள், ஊதவில்லை, தண்ணீர் குடிக்கிற மாதிரி வாய் நிறைய ஒரு மடக்கு குடித்தாள்.

குடித்தவள் அப்படியே துள்ளினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்து, ஒரு வழியாக விழுங்கி, நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறினாள்.

எதிர்பெஞ்சில் ஒரு பையன் அதையே செய்தான். அதற்கு அப்பால் இன்னொருத்தி. மேடம் மெல்ல எழுந்து வந்து லொள்ளின் பக்கத்தில் நின்றார்.

“யார் ஊதுறாங்க, யார் ஊதலை, பாரு.”

“ஊதுறதுக்கும் சட்டம் இருக்கா மேடம்?”

“பாருன்னேன்.”

லொள்ளு பார்த்தான். “அங்கங்க சில பேரு நாக்கைச் சுட்டுக்கிட்டு முழிக்குதுங்க. அவசரக் குடுக்கைங்க.”

“அவசரக் குடுக்கைங்கன்னா ஒரே பெஞ்சுல நாலு பேரு இருப்பாங்க, இன்னொரு பெஞ்சுல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. இங்க ஒவ்வொரு பெஞ்சுலயும் நடுவுல ஒண்ணு ரெண்டு பேரு. யாரோ பார்த்துப் பார்த்துச் சொருகி வச்ச மாதிரி இல்ல?”

லொள்ளு மறுபடியும் பார்த்தான். இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடம் ஹெச்.எம். பக்கம் திரும்பினார். “சார், இதுல தகரக் குடியிருப்புப் பிள்ளைங்க யாரு?”

“நாங்க அப்படியெல்லாம் பிரிச்சுப் பார்க்கிறதே இல்லை மேடம். எல்லாம் நம்ம பிள்ளைங்க.”

“அப்ப நான் பிரிச்சுச் சொல்றேன்.” மேடம் விரலை நீட்டவில்லை, கண்ணால் மட்டும் காட்டினார். “ரிப்பன் அவிழ்ந்த பொண்ணு. அந்தப் பையன். ஜன்னலோரம் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்காளே, அவ. தூணுக்குப் பின்னால ரெண்டு பேரு. சரியா?”

ஹெச்.எம். முகத்தில் அசடு வழிந்தது. “எப்படி மேடம்...?”

“சூடா வரும்னு தெரிஞ்ச பிள்ளை ஊதும். இந்தச் சாப்பாடு எப்பவும் ஆறித்தான் வரும்னு வாய்க்குப் பழகிப்போன பிள்ளை ஏன் ஊதப்போகுது? இன்னைக்கு நாங்க வந்ததால இவங்களுக்கும் முதல்லயே கிடைச்சிருக்கு. பாவம், அதை நாக்குக்கு யாரும் சொல்லலை.”

மேடம் ரிப்பன் அவிழ்ந்த சிறுமியிடம் போய்க் குனிந்து கேட்டார். “நாக்கு சுட்டுடுச்சாம்மா?”

“இன்னைக்கு சூடா இருக்கு” என்றாள் அவள், ஏதோ தன் தப்பு மாதிரி.

“தினமும்?”

சிறுமி ஹெச்.எம்.மைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் கைகழுவும் குழாய்க்கு ஓடினார்கள். லொள்ளு பின்னாலேயே போனான். சிறுமிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். ஆனால் குழாயைத் திறக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அவளைவிடக் குட்டிப் பையன் ஒருவன் வந்து கை கழுவிக்கொண்டு போனான். அடுத்தவள் வந்தாள், கழுவினாள், போனாள்.

“ஏன்டா, முதல்ல வந்தவ நிக்கிறா, நீங்க முந்துறீங்க?” என்று லொள்ளு ஒரு பையனை மடக்கினான்.

“அவ கடைசி சார்.”

“கடைசின்னா?”

“கடைசின்னா கடைசிதான். அவங்கல்லாம் கடைசிங்க.” பெயர் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையன் ஈரக்கையை டவுசரில் துடைத்துக்கொண்டு ஓடினான். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. லொள்ளுக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது.

ஹெச்.எம். அறையில் மின்விசிறி ஓடியும் அவருக்கு வியர்த்தது.

“இதெல்லாம் அந்தச் சமையலம்மா வேலை மேடம். தகரக் கொட்டாய்ப் பிள்ளைங்களைக் கடைசியா நிக்க வச்சு, மத்தவங்க சாப்பிட்டு எழுந்ததும் போடுவாங்க. எனக்கு இப்பத்தான்...” மேடத்தின் கண்ணைப் பார்த்ததும் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். “இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுறேன். நீங்க அவங்களைக் காட்டிட்டா விஷயம் சுமுகமா முடிஞ்சிடும்.”

சட்டம் அப்படித்தான் இருந்தது. ஒரு பிள்ளையை ஒதுக்கியது உறுதியானால், அதற்குப் பொறுப்பு யாரென்று மேடம் அன்று மாலைக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும். அவர் காட்டிய ஆளுக்கு வேலை போகும்.

வராந்தாவில் நடக்கும்போது லொள்ளு கேட்டான். “கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் ஏன் மேடம் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?”

“ரொம்பச் சீக்கிரம் முடியுதுடா. அந்தம்மாவுக்கு அந்தப் பிள்ளைங்களைப் பிடிக்கலைன்னே வச்சுக்க. பிடிக்கலைன்னா கொஞ்சமா போடுவாங்க. முட்டையைக் குறைப்பாங்க. நான் கண்ணாலயே அளந்து பார்த்தேன். அந்தம்மா கை யாருக்கும் ஒரு சொட்டுக் குறைக்கலை, பழகின கைடா அது, நடிப்பு இல்லை. பிறகு எதுக்குக் கடைசியில நிக்க வைக்கணும்?”

சமையல்கட்டில் சமையலம்மா அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சேமிப்பறைச் சாவி.

“இந்த அண்டாவுல என்னை இறக்கினாலும் தலை மட்டும் பளபளன்னு வெளிய தெரியும் போலிருக்கே” என்றான் லொள்ளு.

தேய்க்கும் சத்தம் நின்றது. சமையலம்மா வெளியே வந்து அவனை உற்றுப் பார்த்தார். “சார், நீங்க இதுக்கு முன்னால இங்க வந்திருக்கீங்களா?”

“இல்லையேம்மா.”

“எங்கயோ... சரி, விடுங்க.”

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. “தகரக் குடியிருப்புப் பிள்ளைங்களுக்கு ஏம்மா கடைசியில போடுறீங்க?”

சமையலம்மாவின் முகம் சட்டென்று இறுகியது. “நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு கரண்டி குறைச்சேனா? கேளுங்க அந்தப் பிள்ளைங்களை. என் கையால பசியோட ஒரு பிள்ளை எழுந்திருக்காது. எனக்கு எந்தப் பிள்ளையும் ஒண்ணுதான்.”

“அப்படின்னா ஏன்?”

“நீங்கதானே கணக்குக் கேட்டீங்க!”

மேடம் அசையவில்லை. “யாரு?”

“உங்க ஆபீஸ்தான். அக்கரைப் பிள்ளைங்க எத்தனை பேரு சாப்பிட்டாங்கன்னு தினமும் சாயங்காலம் போன்ல சொல்லணுமாம். அவங்களை ஒதுக்காம சாப்பாடு போடுறோமான்னு தெரியணுமாம். சொல்லலைன்னா பருப்பும் மாவும் வராதுன்னாங்க. சரி, எப்படி எண்ணுறது? யூனிஃபார்ம் எல்லாருக்கும் ஒண்ணு. முகத்துல எழுதியா ஒட்டியிருக்கு? பிள்ளைங்ககிட்ட கேட்கலாம்னா, கேட்கவே கூடாதுன்னு அதே உத்தரவுல இருக்கு, அதுங்க மனசு நோகுமாம். ஹெச்.எம். கிட்ட போனேன். எப்படியாவது பண்ணும்மா, என் தலையில கட்டாதேன்னாரு. அப்புறம் சந்தேகம் கேட்கிற நம்பருக்கு நானே அடிச்சேன்.”

“யார் பேசினாங்க?”

“ஒரு சார். நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு. நான் பயந்துக்கிட்டே கேட்டேன், அவர் பேசினதுல பயமே போயிடுச்சு.”

“என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கிற வரைக்கும் அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சமையலம்மா புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். நினைவுபடுத்த அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. “‘ரொம்ப யோசிக்காதீங்கம்மா, யோசிச்சா முடி கொட்டும். அக்கரைப் பிள்ளைங்க கடைசியில தனியா நில்லுங்கன்னு ஒரு குரல் குடுங்க, அதுங்களே வந்து நிக்கும். மத்தவங்க சாப்பிட்டு எழுந்ததும் மிச்சம் நிக்கிற தலையை எண்ணிடுங்க. வேலை முடிஞ்சது.’ அப்படின்னாரு.”

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும் தேவையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவருக்குக் கேட்டது.

“அந்தக் குரலைத் திரும்பக் கேட்டா உங்களுக்கு அடையாளம் தெரியுமா?”

“ஏன் தெரியாது?”

“லொள்ளு, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற. புழுக்கமா இருக்கு.”

லொள்ளு போய் ஜன்னலைத் திறந்தான். ‘இதைத் திறந்தா காத்து வருமா, ஹெச்.எம். எட்டிப் பார்ப்பாரா மேடம்?’ என்று வேறொரு நாள் கேட்டிருப்பான். இன்று ஒரு வார்த்தை இல்லை.

“காலையில எத்தனை மணிக்குப் புகார் வந்துச்சு?” என்று கேட்டார் மேடம். லொள்ளு கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள் இருக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய் மூடாத மனிதன் ஊமையாகிவிட்டான். மேடம் இதுவரை எத்தனையோ பேரை அவர்கள் உளறிய உளறலால் பிடித்திருக்கிறார். ஒருவனை அவன் பேசாததால் பிடிப்பது இதுதான் முதல் தடவை. பிடித்ததில் சந்தோஷம் துளிகூட இல்லை. தன் வீட்டுப் பிள்ளை கடையில் திருடி மாட்டிக்கொண்டால் ஒரு தாய்க்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

லொள்ளுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அந்தக் குரலைக்கூட. அன்று மேசையில் மற்ற போன்கள் அலறிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு அம்மா தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். அவன் ஒரு ஜோக் அடித்தான், பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்தான், அந்த அம்மாவும் சிரித்தார், வைத்துவிட்டான். சொன்னது தப்பு என்று அப்போதே யாராவது கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அது உத்தரவாகி, வரிசையாகி, குழாயடியில் ஒரு பெயராகி நின்றுவிட்டது. அவங்கல்லாம் கடைசிங்க. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரிந்தாலும் சாட்சி இல்லை. இந்தக் கணக்கை அவன் மனசு அந்த நேரத்திலும் போட்டுப் பார்த்தது. போட்டுப் பார்த்த வெட்கம் தனியாகச் சேர்ந்துகொண்டது.

அப்போது ஹெச்.எம். உள்ளே வந்தார். வரும்போதே குரலை உயர்த்திக்கொண்டு வந்தார்.

“என்னம்மா, ஒப்புக்கிட்டியா இல்லையா? மேடம் நேரத்தை வீணாக்காதே. சேமிப்பறைச் சாவியைக் குடுத்துட்டு நீ கிளம்பு.”

சமையலம்மா ஒன்றும் புரியாமல் மேடத்தைப் பார்த்தார். “நான் ஆபீசுல கேட்டுத்தானே மேடம் செஞ்சேன்?”

“ஆபீசுல யாரு சொன்னாங்க? பேரு தெரியுமா? ஆளைக் காட்ட முடியுமா?” என்றார் ஹெச்.எம்.

“பேரு கேட்கலை சார்...”

“பார்த்தீங்களா மேடம்?”

மேடம் யாரையும் பார்க்கவில்லை. தரையில் ஓடிய சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அந்த வார்த்தை தன்னுடையது இல்லை என்று விட்டுவிட்டார்.

சமையலம்மா இடுப்பிலிருந்து சாவியை உருவினார். “இந்த வேலையை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லை சார். மருமகன் படுத்த படுக்கையா கிடக்கான். என் கை சம்பாத்தியத்துலதான் மொத்த வீடும்...” சாவியை நீட்டினார்.

“சாவியை இடுப்புலயே வச்சுக்கங்கம்மா.”

குரல் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. அதில் ஜோக் இல்லை, ஆனால் குரல் அதேதான். சமையலம்மாவின் கை பாதியில் நின்றது.

“சார்... நீங்களா?”

“நான்தாம்மா. போன்ல உங்ககிட்ட பேசினது நான்தான். முடி கொட்டும்னு சொன்னவன் நான்தான்.”

சமையலம்மாவின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. லொள்ளால் அதைத் தாங்க முடியவில்லை.

“அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்! சொல்லுங்க சார் இவங்களுக்கு. நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், ஒரு நாள்கூட மாத்தலை. சொல்லுங்க சார்!”

லொள்ளு கூனிக் குறுகி நின்றான். “நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சீங்கம்மா. நான் சொன்னதுதான் தப்பு. அசிங்கமான தப்பு. நீங்க ஒரு நல்ல சந்தேகம் கேட்டீங்க. எனக்கு ஒரு நிமிஷம் யோசிக்கச் சோம்பேறித்தனம். சிரிப்பு காட்டிட்டு வச்சுட்டேன். அந்தப் பிள்ளைங்க அதைத் தினமும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

ஹெச்.எம். சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“நில்லுங்க சார்” என்றார் மேடம். “உங்களுக்கும் இருக்கு. வரிசை ரெண்டா நிக்கிறது உங்க ஜன்னல்ல இருந்து நல்லாத் தெரியும். நாங்க வந்ததும் காவலாளியைச் சாவி தேட வச்சுட்டு, அந்தப் பிள்ளைங்களைப் பெஞ்சுபெஞ்சா சொருகத் தெரிஞ்சுது. அப்ப தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்திருக்கு.”

மேடம் கைபேசியை எடுத்தார். ஆணையரிடம் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. “சார், புகார் உண்மை. ஒதுக்கியிருக்காங்க... ஆமா, பொறுப்பு யாருன்னும் தெரிஞ்சுடுச்சு. முதல் ஆள் நம்ம ஆபீஸ் சார். ஒதுக்குறாங்களான்னு பார்க்க நாம ஒரு கணக்குக் கேட்டோம், எப்படி எண்ணுறதுன்னு சொல்லிக் குடுக்கலை. அந்தக் கணக்குக்காகவே ஒதுக்கியிருக்காங்க... பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது பெத்தவங்ககிட்ட தனியா ஒரு தடவை கேட்டிருந்தா போதும் சார். அதை யோசிக்க நமக்கு நேரம் இல்லை... யார் சொன்னதா?” மேடம் லொள்ளின் பக்கம் திரும்பினார். “என் உதவியாளர். பக்கத்துல நிக்கிறார். அவரே பேசுறார்.”

லொள்ளு கைபேசியை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்து சொன்னான்: நாளை முதல் அவன் வேலைக்கு வர வேண்டாமாம், விசாரணை முடியும்வரை. சொல்லும்போது அவன் சாதாரணமாகச் சொல்ல முயன்றான். மேடம் அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சமையலம்மாவின் வேலை தப்பித்தது. ஆனால் அவர் முகத்தில் அந்த மலர்ச்சி திரும்பவில்லை. அடுப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆறிப்போயிருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம்” என்றார். “ஆடை படிஞ்சு கிடக்கும். கலக்கி ஊத்துவேன். இந்தப் பக்கத்து அடுப்பு சும்மாதான் கிடந்துச்சு. திரும்ப ஒரு தடவை சுட வச்சிருக்கலாம். ஆபீசுல சொன்னாங்க, அளவு குறையலை, அப்புறம் என்னன்னு இருந்துட்டேன். சுட வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. ஏன் வைக்கலை நான்?”



மாலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம். சமையலம்மா பாலைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்து, வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். “எல்லாரும் கலந்து நில்லுங்க! யாருக்காகவும் யாரும் ஒதுங்கவேண்டாம், வந்த வரிசையில நில்லுங்க!” மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ரிப்பன் அவிழ்ந்த சிறுமியும் ஓடி வந்தாள், எல்லோருக்கும் முன்னால். வந்தவள் வழக்கம்போல ஒதுங்கினாள். மத்தியானம் எதிர்பெஞ்சில் நாக்கைச் சுட்டுக்கொண்ட பையனும் ஒதுங்கினான், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். மற்றவர்கள் நின்று முடித்த பிறகு, ஒருவர் பின் ஒருவராகக் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. சமையலம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

மேடம் ஜீப்பில் ஏறாமல் நின்றார். லொள்ளு படியிறங்கிப் போய், வரிசையின் கடைசியில், அந்தச் சிறுமிக்குப் பின்னால் நின்றுகொண்டான். எதற்கு நின்றான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவளுக்குப் பின்னால் ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சிறுமி திரும்பிப் பார்த்தாள். வழுக்கைத் தலையைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் இடம் தெரியாமல் வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சட்டென்று வரிசையை விட்டு விலகி, அவன் பின்னால் போய் நின்றாள்.

“நீங்க முன்னாடி போங்க சார்” என்றாள், சுட்ட நாக்கு இன்னும் குழற. “கடைசி எங்க இடம்.”